விடியவிடியக் கூத்து: யாழ்ப்பாணத்தில் முதன்முறை பார்க்கப் போகிறவருக்கு முழுமையான வழிகாட்டி

நான் முதன்முதலாகப் பார்க்கப் போன காத்தவராயன் கூத்தில் கழுமரத்தை நான் பார்க்கவில்லை. அம்மம்மா பாய், போர்வை, தேத்தண்ணிப் போத்தல் எல்லாம் கட்டிக்கொண்டு கோயில் வீதிக்குக் கூட்டிப் போனா. கச்சான் கொறித்தது நினைவிருக்கிறது. டாப்பர் மாமா வந்து சனத்தைச் சிரிக்க வைத்ததும் நினைவிருக்கிறது. அதற்கடுத்த நினைவு, தோளில் விழுந்த அம்மம்மாவின் கை. "எழும்பு, கழு ஏறி முடிஞ்சுது." கிழக்கு வெளுத்திருந்தது. சுற்றியிருந்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாய் சுருட்டினார்கள். ஏன் அழுதார்கள் என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளப் பல வருடம் பிடித்தது.

அந்தத் தூக்கத்துக்குப் பிராயச்சித்தமாக இந்த வழிகாட்டி. கொழும்பில் வளர்ந்தவர், ரொறொன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ விடுமுறைக்கு வருபவர், தமிழ்நாட்டிலிருந்து வரும் நண்பர் எல்லாரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "யாழ்ப்பாணத்தில் கலை விழா ஏதாவது நடக்குமா?" நடக்கும். ரிக்கற் இருக்காது, அச்சடித்த நிகழ்ச்சி நிரல் இருக்காது, நடிகர் பட்டியலும் பெரும்பாலும் இருக்காது. ஊர் ஒன்று சில மாதம் பழகி, ஒரே இரவில் ஆடித் தீர்க்கும். அந்த இரவுக்கு எப்படிப் போவது என்பதைத்தான் கீழே சொல்லியிருக்கிறேன்.

1. எந்தக் கூத்து என்று முதலில் கேளுங்கள்

'கூத்து' என்று ஒரு சொல்லால் சொன்னாலும், யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல்லுக்குள் குறைந்தது மூன்று வேறு உலகங்கள் இருக்கின்றன. ஒன்றை எதிர்பார்த்துப் போய் இன்னொன்றைப் பார்த்துவிட்டு, 'இதுதானா கூத்து' என்று சலித்துக்கொண்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

பரவலாக ஆடப்படுவது காத்தவராயன் கூத்து. அம்மன் கோயில் வீதியில், பெரும்பாலும் நேர்த்திக்காக. ஊரில் நோய் நொடி நீங்க, மழை பெய்ய, பிள்ளை பிறக்க என்று நேர்ந்து, காத்தான் கூத்து ஆடுவிப்பார்கள். இதைச் சிந்துநடைக்கூத்து என்றும் சொல்வார்கள். வேடம் கட்டியவர் சிந்து மெட்டுக்கு ஏற்ப ஒரு தனி நடையில் முன்னும் பின்னும் வருவார். கடினமான ஆட்டக் கோலங்கள் இல்லை. நடை, குரல், கதை மூன்றும் சேர்ந்து ஆளை இழுக்கும்.

இரண்டாவது, மோடிக் கூத்துகள். வடமோடி, தென்மோடி என்ற இரண்டு ஆட்டப் பாணிகளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மட்டக்களப்பில் இரண்டும் செழித்தவை. யாழ்ப்பாணத்தில் வட்டுக்கோட்டை வடமோடிக்குப் பேர்போனது. பாரதக் கதை, போர், துள்ளல், கனமான உடுப்பு. தென்மோடி இங்கே கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் வேர் பிடித்தது. பாஷையூர், குருநகர், நாவாந்துறை போன்ற கடற்றொழில் ஊர்களில் எஸ்தாக்கியாரும் ஞானசௌந்தரியும் தேவசகாயம்பிள்ளையும் தென்மோடி மெட்டில் பாடிக்கொண்டு வந்தார்கள். தேவசகாயம்பிள்ளைக்கு வத்திக்கான் புனிதர் பட்டம் கொடுத்தது 2022 மே 15ஆம் திகதி. எங்கள் கரையோர அண்ணாவிமார் (கூத்துப் பழக்கும் ஆசான்கள்) அதற்கு வெகுகாலம் முன்னரே அவரை மேடையேற்றிவிட்டார்கள். கரையோரத்தில் யாரிடமாவது பேச்சுக் கொடுக்க வேண்டுமானால் பூந்தான் யோசேப்பு என்ற கூத்துக் கலைஞரின் பெயரைச் சொல்லிப் பாருங்கள்; வயதானவர் என்றால் ஒரு பாட்டாவது வரும்.

மூன்றாவது, இசை நாடகம். கண்டிப்பான ஆய்வாளர் இதைக் கூத்தென்று ஒப்புக்கொள்ளமாட்டார். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து நாடகக் கொம்பனிகள் கடல் தாண்டி வந்து விதைத்துவிட்டுப் போனது அது. ஹார்மோனியம், மிருதங்கம், திரைச்சீலை. ஆனால் யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு அதுவும் விடிய விடியப் பார்க்கும் கூத்துத்தான். காங்கேசன்துறையின் நடிகமணி வி. வி. வைரமுத்துவும் அவருடைய வசந்த கான சபாவும் ஆடிய 'மயான காண்டம்' பார்க்காத ஊர் குடாநாட்டில் இல்லை என்றே சொல்லலாம். சுடலை காக்கும் அரிச்சந்திரனாக அவர் பாடியதைக் கேட்டவர்கள் இன்றும் அதை மற்ற எல்லாக் குரலுக்கும் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். புதிய நடிகருக்கு அது பெரிய பாரம்.

முதன்முறை போகிறவருக்கு என் சிபாரிசு காத்தவராயன். கதை எளிது, பாட்டு இரவு முழுக்கத் திரும்பத் திரும்ப அதே சில மெட்டுகளில் வரும், நள்ளிரவுக்குள் உங்கள் காதுக்கு அது பழகிவிடும். வடமோடியை இரண்டாவதாகப் பாருங்கள். ஆட்டத்தின் நுணுக்கம் தெரியாமல் அதை முதலில் பார்த்தால் உடுப்பு மட்டும்தான் கண்ணில் நிற்கும்.

2. காலத்தைப் பிடியுங்கள்

கூத்து திறந்த வெளியில் நடப்பது. ஆகவே மாரியில் கூத்து இல்லை. ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை வடகீழ்ப் பருவ மழை, வயலில் வெள்ளம். தை, மாசியில் நெல் அறுவடை முடியும். கையில் கொஞ்சம் காசும் மாலையில் கொஞ்சம் ஓய்வும் வந்த பிறகுதான் ஊர் கூத்தைப் பற்றி யோசிக்கும். பங்குனி தொடங்கி ஆடி வரையான கோடையே அம்மன் கோயில்களுக்குப் பொங்கலும் குளிர்த்தியும் வேள்வியும் வரும் காலம், கூத்துக்கும் அதுதான். மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மனின் பங்குனித் திங்களில் ஊர் ஊராகப் பொங்கல் பானையோடு சனம் போவதைக் கண்டால், பருவம் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். வைகாசிக்குப் பிறகு தென்மேற்குக் காற்றான சோளகம் பலமாக வீசும். கடற்கரை ஊரில் மைக்குக்குள் காற்று புகுந்து பாட்டைப் பாதி தின்றுவிடும். முடிந்தால் சித்திரையிலும் வைகாசி முற்பகுதியிலும் பாருங்கள்.

கத்தோலிக்க ஊர்களின் கணக்கு வேறு. தவக்காலத்தில் களியாட்டம் இல்லை. உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பிறகும், பங்குத் திருவிழாவை ஒட்டியும்தான் கூத்து. பாஷையூர் அந்தோனியார் திருநாள் யூன் 13, குருநகர் யாகப்பர் திருநாள் யூலை 25. அந்த நாட்களில் கூத்து இருந்தே தீரும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். ஆனால் விசாரிக்கத் தொடங்க நல்ல திகதிகள் அவை.

தவக்காலத்திலேயே வந்துவிட்டீர்கள் என்றால் ஏமாற்றம் வேண்டாம். மரியசேவியர் அடிகள் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம், இயேசுவின் பாடுகளைப் பெரிய அரங்க நிகழ்வாகத் தவக்காலத்தில் மேடையேற்றும் மரபைக் கட்டி வளர்த்தது. அதைப் பார்க்கக் கிறிஸ்தவர் மட்டும் போவதில்லை. ஆண்களே பெண் வேடம் கட்டிய பழைய கூத்து மரபுக்குப் பக்கத்தில், பெண்கள் மேடையேறுவதையும் அங்கே பார்க்கலாம்.

நகரத்தில் நடக்கும் பெரிய விழாக்களும் உண்டு. 2011இலும் 2013இலும் நடந்த யாழ்ப்பாண இசை விழாவுக்கு நாட்டின் பல பக்கத்திலிருந்தும், வெளிநாட்டிலிருந்தும் கிராமியக் கலைஞர்கள் வந்தார்கள். நல்ல விழா. ஆனால் அத்தகைய மேடையில் கூத்துக்குக் கிடைப்பது ஒரு துண்டு. கொழுக்கட்டையின் ஓரத்தைக் கிள்ளித் தின்றுவிட்டு உள்ளே என்ன இருந்தது என்று சொல்ல முடியாது.

3. எங்கே என்று கண்டுபிடிப்பது

இணையத்தில் தேடிக் களைத்துப் போகாதீர்கள். கூத்துச் செய்தி பரவும் வழிகள் வேறு. சந்தைச் சுவரில் ஒட்டிய நோட்டீஸ், ஒலிபெருக்கி கட்டி ஊர் சுற்றும் ஓட்டோ, தேத்தண்ணிக் கடைப் பேச்சு. 'உதயன்', 'வலம்புரி' பத்திரிகைகளில் கோயில் விழா அறிவித்தல்களைப் பாருங்கள். கூத்து கடைசி வரியில் சின்ன எழுத்தில் இருக்கும்.

நம்பகமான இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவர் பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தர். தன் பிரிவில் எந்த மன்றம் என்ன பழகுகிறது என்று அவருக்குத் தெரியும். மற்றவர், பள்ளிக்கூடத்தில் 'நாடகமும் அரங்கியலும்' படிப்பிக்கும் ஆசிரியர். உயர்தரத்துக்கு அது ஒரு பாடம் என்பதால் கிராமத்துப் பள்ளிக்கூடங்களிலும் அந்த ஆசிரியர் இருப்பார், அவருக்கு அண்ணாவிமாரோடு பழக்கமும் இருக்கும். ஆசிரியரிடம் கேட்டால் இன்னொரு நன்மை: கூத்து நடக்கும் இடத்தோடு, 'அந்த அண்ணாவி நல்லாப் பழக்குவார், இந்த முறை உடுக்குக்காரன் புதுசு' என்பது போன்ற பயனுள்ள வம்பும் சேர்ந்து வரும்.

போகும் வழி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொழும்பிலிருந்து இரவு பஸ், ரயில். சென்னையிலிருந்து பலாலிக்கு 2019இல் விமானம் தொடங்கியது. நாகபட்டினம் - காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்ரோபரில் தொடங்கியது, அது கடலின் மனநிலையைப் பொறுத்தது. குடாநாட்டுக்குள் பஸ்கள் நேரத்தோடு நின்றுவிடும். கூத்து நடக்கும் ஊருக்கு மாலையிலேயே போய்விடுங்கள். திரும்புவது பற்றிக் கவலை வேண்டாம். கூத்து முடியும்போது முதல் பஸ் வந்துவிடும்.

4. முழு இரவா, சுருக்கமா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் கிளம்பாதீர்கள். இன்று ஆடப்படும் கூத்துகளில் பல மூன்று நான்கு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். அதற்குக் காரணங்கள் இரண்டு. இரண்டும் முற்றிலும் வேறுபட்டவை.

முதலாவது கல்விக்கூடம் வழியாக வந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை' ஆகியவற்றை மேடையேற்றினார். விடிய விடிய ஆடியதைச் செறிவாக்கி, நகரத்து மண்டபத்தில் படித்தவரும் உட்கார்ந்து பார்க்கும்படி செய்தார். கூத்து நாகரிகமற்றது என்று முகம் சுளித்தவர்களை வாயடைக்க வைத்தது அந்தச் செயல். கூத்து ஆய்வாளர் சி. மௌனகுரு போன்றவர்கள் அதிலிருந்துதான் எழுந்து வந்தார்கள். ஒரு சின்னச் செய்தி: கூத்தை மண்டபத்துக்குள் கொண்டுவந்த வித்தியானந்தனும், கோயில் வீதியில் விடியும்வரை பாடிய வைரமுத்துவும் பிறந்தது ஒரே ஆண்டில், 1924இல். இறந்ததும் ஒரே ஆண்டில், 1989இல். இருவரும் வலிகாமம் வடக்குக்காரர்.

இரண்டாவது காரணம் யுத்தம். ஊரடங்கு இருக்கும் ஊரில் விடியக் கூத்து ஆட முடியாது. பொழுதுபட்டால் லாம்பைக் குறைத்துக்கொண்டு வீட்டுக்குள் இருந்த வருடங்களில் கூத்து பகலுக்கும் பின்னேரத்துக்கும் ஒதுங்கியது, அல்லது நின்றது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே மழையில் நடந்து தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்தபோது உடுப்புப் பெட்டியையும் கூத்துக் கொப்பியையும் தூக்கிக்கொள்ள யாருக்குக் கை இருந்தது? திரும்பி வந்தபோது மணிமுடியும் இல்லை, உடுப்பும் இல்லை. சில ஊர்களில் பாட்டு தெரிந்த ஆளும் இல்லை.

இப்போது பள்ளிக்கூட மாணவருக்கான தமிழ்மொழித் தினப் போட்டி கூத்தைக் காப்பாற்றுகிறது. அதே போட்டி அதைச் சில நிமிடத்துக்குள் அடைக்கவும் செய்கிறது. பிள்ளைகள் வரவு ஆட்டத்தை அழகாக ஆடுவார்கள், கதை தொடங்குமுன் மணி அடித்துவிடும். குறை சொல்லவில்லை, அதுவும் இல்லாவிட்டால் ஒன்றும் இருக்காது. ஆனால் முதன்முறை பார்ப்பவர் முழு இரவுக் கூத்தைத் தேடிப் போகவேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

5. ஒத்திகைக்குப் போங்கள்

இந்தப் படியைப் பெரும்பாலானவர்கள் தவறவிடுகிறார்கள். எனக்கு இதுதான் முக்கியம்.

கலைஞர்களை ஒரு கிராமத்தில் சில மாதம் தங்கவைத்து, சாப்பாடு போட்டு, முடிவில் அவர்கள் உருவாக்கியதை விழாவாகக் காட்டும் வழக்கம் உலகெங்கும் இப்போது பரவியிருக்கிறது. கலைஞர் வதிவிடம் என்கிறார்கள். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்த குருகுலத்தில் பிள்ளைகள் தங்கிப் படிப்பும் கூத்தும் சேர்த்துப் பழகினார்கள்; கிராமத்திலேயே இரவு முழுக்கக் கூத்து விழாவும் நடந்தது. எங்களிடம் அப்படிக் கட்டடம் எழும்பவில்லை. ஆனால் வேலை நடந்திருக்கிறது. ஊர் தீர்மானித்தால் அண்ணாவியாரை அழைப்பார்கள். வெளியூர்க்காரர் என்றால் ஊரிலேயே தங்குவார். இன்று ஒரு வீட்டில் சாப்பாடு, நாளை இன்னொரு வீட்டில். பகலில் தோட்டமும் கடலும் போன ஆட்கள் இரவில் அவர் முன்னால் கூடுவார்கள். நிலவு வெளிச்சத்தில், முற்றத்தில், மாதக்கணக்காக. இதைக் 'கூத்துப் பழகுதல்' என்பார்கள்.

யாருக்கு எந்தப் பாத்திரம் என்பதை அண்ணாவியார் குரலைக் கேட்டுத் தீர்மானிப்பார். மட்டக்களப்பில் இதற்குச் சட்டங்கொடுத்தல் என்று பெயர். அங்கே சதங்கை அணிவதும் ஒரு தனி நாள் சடங்கு. வடக்கில் பல ஊர்களில் அரங்கேற்றத்துக்கு முன் வெள்ளுடுப்பு என்ற ஒத்திகை உண்டு. வேட உடுப்பு இல்லாமல் வெள்ளை வேட்டி சால்வையோடு முழுக் கூத்தையும் ஆடிப் பார்ப்பது. எனக்குக் கிடைத்த மிக நல்ல இரவுகளில் ஒன்று அப்படியொரு வெள்ளுடுப்பு. மின்னும் உடுப்பு இல்லாததால் காலையும் கழுத்து நரம்பையும் பார்க்க முடிந்தது. நடுவில் பாட்டை மறந்தவருக்கு அண்ணாவியார் அடியெடுத்துக் கொடுத்தார். மூன்றாம் முறையும் மறந்தபோது தாளத்தைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, நீ நாளைக்குக் கடலுக்குப் போகாத. வீட்டை இருந்து பாடு" என்றார். அடுத்த கிழமை அரங்கேற்றத்தில் அந்தத் தம்பி மறக்கவில்லை.

ஒத்திகைக்குப் போக அழைப்பு வேண்டாம். கையில் ஒரு பொதி பிஸ்கற்றும் சீனியும் தேயிலையும் இருந்தால் போதும். ஓரமாக உட்காருங்கள். அண்ணாவியார் பேசும்வரை கேள்வி கேட்கவேண்டாம்.

6. கதையைத் தெரிந்துகொண்டு போங்கள்

ஊருக்கெல்லாம் கதை தெரியும். உங்களுக்கு மட்டும் தெரியாது. ஆகவே நீங்கள் மட்டும்தான் 'அடுத்து என்ன' என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள். மற்றவர்கள் 'எப்படிப் பாடப் போகிறான்' என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த இரண்டாவது பார்வைக்கு வந்துசேர, கதையை முன்பே கேட்டுவிடுங்கள்.

காத்தவராயன் முத்துமாரி அம்மனின் மகன். ஆரியமாலை என்ற உயர்குலப் பெண்மேல் ஆசைகொள்கிறான். வேண்டாம் மகனே என்கிறாள் தாய். கேட்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யமுடியாத வேலைகளைச் சொல்லி அனுப்புகிறாள். தோழன் சின்னானோடு சேர்ந்து அவன் எல்லாவற்றையும் முடித்துவிட்டு வந்து நிற்கிறான். கடைசியில் அந்த ஆசையின் விலை கழுமரம். தமிழ்நாட்டு வாசகருக்கு 1958இல் சிவாஜி கணேசன் நடித்த படம் நினைவுக்கு வரலாம். அதை மறந்துவிட்டு வாருங்கள்.

குலம் மீறிய ஆசைக்குக் கழுமரம் என்ற கதையை, யாழ்ப்பாணத்தில் யார் ஆடிவந்தார்கள் என்பதையும் சேர்த்து நினைக்கவேண்டும். 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே போகப் போராடவேண்டியிருந்த நிலம் இது. 'கூத்தாடி' என்ற சொல்லை வசவாக வைத்திருந்த சமூகத்தில், கூத்தை உயிரோடு வைத்திருந்தவர்களில் பெரும்பகுதியினர் அந்த வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். பெரிய கோயில்களின் திருவிழாவில் நாதஸ்வரமும் கச்சேரியும். சின்ன அம்மன் கோயில் வீதியில் கூத்து. எந்த மேடை எங்கே கட்டப்படுகிறது என்பதை வைத்தே ஊரை ஓரளவு வாசிக்கலாம்.

7. பையில் என்ன

பாய், மெல்லிய போர்வை, தண்ணீர், டோர்ச், நுளம்புக்குப் பூசும் எண்ணெய். கதிரை கொண்டுபோகாதீர்கள், பின்னாலிருப்பவர் திட்டுவார். கோயில் வீதி என்றால் மச்சம் (மீன், இறைச்சி) தின்றுவிட்டுப் போகக்கூடாது. கச்சான், கடலை, வாய்ப்பன், தேத்தண்ணி அங்கேயே கிடைக்கும். பின்னேரம் இரண்டு மணித்தியாலம் தூங்கிவிட்டுப் போங்கள். என் கதை உங்களுக்கு நடக்கக்கூடாது.

8. அந்த இரவு

நோட்டீஸில் 9 மணி என்று போட்டிருக்கும். 9 மணிக்கு மேடையில் மின்குமிழ் மாட்டிக்கொண்டிருப்பார்கள். இந்த நேரத்தில் மேடைக்குப் பின்னால் போய்ப் பாருங்கள், தடுக்கமாட்டார்கள். ஒருவர் கண்ணாடித் துண்டைப் பிடித்துக்கொண்டு மீசை வரைவார். அம்மன் வேடம் கட்டும் ஆம்பிளைக்கு இரண்டு பேர் சேலை சுற்றுவார்கள். கட்டி முடித்ததும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைந்துவிடும்.

பிறகு காப்பு, பிள்ளையார் துதி. அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வரவு. ஒரு பாத்திரம் உள்ளே வந்து தான் யாரென்று சொல்லி முடிக்கவே நீண்ட நேரம் பிடிக்கும். இங்கேதான் புதியவர்கள் பொறுமை இழப்பார்கள். சினிமா பழக்கிய கண் அது. வரவில் கதை நகராது. அது நடிகரும் சனமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் நேரம். பக்கத்திலிருப்பவர், "இவன் எங்கட செல்லத்தான்ர பேரன்" என்று சொல்வார். அப்படி ஒரு பாட்டனும் அப்பனும் பேரனும் ஒரே பாத்திரத்தை ஆடிய கதை உங்கள் காதில் விழும்.

காத்தான் ஒருவர் என்று நினைக்காதீர்கள். ஒரே இரவில் பலர் காத்தானாக வருவார்கள். முதலில் வருபவர் ஆதிக்காத்தான், கடைசியில் பின்காத்தான். அம்மனும் ஆரியமாலையும்கூட மாறுவார்கள். ஒரு குரலால் விடியும்வரை தாங்க முடியாது என்பது ஒரு காரணம். ஊரில் நிறையப் பேருக்கு இடம் கொடுக்க வேண்டும் என்பது இன்னொன்று. ஆள் மாறிய விதத்தை வைத்து இரவு எவ்வளவு போய்விட்டது என்று கணக்குப் போடலாம்.

காதைப் பக்கவாத்தியத்தின் பக்கம் வையுங்கள். ஹார்மோனியமும் தாளமும் மத்தளமும் மற்ற நாடகங்களிலும் கேட்கும். காத்தான் கூத்தின் உயிர் உடுக்கு. முத்துமாரி வரும்போது அது அடிக்கும் விதம் வேறு. உரு வந்து ஆடும் பெண்களைக் கூட்டத்தில் காணலாம். பதறவேண்டாம், படமும் எடுக்கவேண்டாம். பின்னால் நிற்கும் பிற்பாட்டுக்காரரைக் கவனியுங்கள். முன்னால் ஆடுபவரின் மூச்சு அறுந்த இடத்தில் பாட்டைப் பிடித்துக்கொள்பவர்கள் அவர்கள். கூட்டம் அவர்களைப் பார்ப்பதே இல்லை.

நள்ளிரவு தாண்டினால் டாப்பர் மாமா போன்ற சிரிப்புப் பாத்திரங்கள். பெண்பிள்ளைகளின் பெயரைச் சொல்லிப் பகிடி விடுவதும், குடித்தவன்போல் தடுமாறுவதும் எனக்குப் பிடிப்பதில்லை. ஊர்ப் பிரச்சினையை இழுத்து, மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பெரிய மனிசரை ஒரு வாங்கு வாங்கும்போது நானும் கைதட்டியிருக்கிறேன். அதன் பிறகுதான் தூக்கம் தாக்கும். 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் எழும்பி நடந்து, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள்.

கிழக்கு வெளுக்கும்போது கழுமரம். உயரமாக நட்டு, வேப்பிலையும் பூவும் கட்டியிருப்பார்கள். ஏறப்போகும் நடிகர் விரதமிருப்பது வழக்கம். ஒவ்வொரு படியாக ஏறி, ஒவ்வொரு படியிலும் நின்று பாடுவார். தாயிடம் விடைபெறும் பாட்டு, ஆரியமாலைக்கு ஒரு பாட்டு, ஊருக்கு ஒரு பாட்டு. இரவு முழுக்கப் பேசிச் சிரித்த சனம் இப்போது அசையாது. யாரோ கற்பூரம் கொளுத்துவார்கள். பெண்கள் அழுவார்கள். யுத்தத்தில் பிள்ளையைக் கொடுத்த ஒரு தாய் அந்தக் கூட்டத்தில் இருப்பாள். இந்த மண்ணில் எந்தக் கூட்டத்திலும் இருப்பாள். மகனைக் காப்பாற்ற முடியாத முத்துமாரியை அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். அம்மம்மாவைச் சுற்றியிருந்தவர்கள் எதற்காக அழுதார்கள் என்று எனக்கு விளங்கியது, தூங்காமல் பார்த்த முதல் விடியலில்தான்.

கடைசியில் காத்தான் காப்பாற்றப்படுவான், மங்களம் பாடுவார்கள். அதற்குள் பாதிச் சனம் பாயைச் சுருட்டியிருக்கும்.

9. செய்யக்கூடாதவை

ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள். கழுமரத்தின்போது போனைத் தூக்கிப் பிடித்துப் பின்னாலிருப்பவரை மறைக்காதீர்கள். முழுக் கூத்தையும் வீடியோ எடுக்க விரும்பினால் அண்ணாவியாரிடம் முதல் நாளே கேளுங்கள், எடுத்ததில் ஒரு பிரதி அவருக்குக் கொடுங்கள்; கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறியவர்கள் அதிகம். மேடையில் ஏறிப் பொன்னாடை போர்த்தும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பொன்னாடைக்கும் பாட்டு நிற்கும், மைக்கில் உங்கள் பெயரும் நீங்கள் வாழும் நாடும் ஒலிக்கும், உடுக்குக்காரர் கொட்டாவி விடுவார். காசு கொடுக்க விரும்பினால் கொட்டகைக்குப் பின்னால், அண்ணாவியார் கையில்.

10. விடிந்த பிறகு

கழுத்தில் மாவும் வேர்வையும் வழிய, வேடம் கலைக்காமல் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும் நடிகர்களோடு பேச இதுவே நேரம். நல்லாயிருந்தது என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தப் பாட்டு பிடித்தது என்று சொல்லுங்கள். அவர் அதைத் திரும்பவும் பாடிக் காட்டுவார்.

ஒரு கிழமை கழித்து அண்ணாவியார் வீட்டுக்குப் போங்கள். அலுமாரிக்கு மேலோ, றங்குப்பெட்டிக்குள்ளோ கூத்துக் கொப்பி இருக்கும். முந்திய தலைமுறை ஏட்டிலிருந்து பிரதி பண்ணி, இவர் அதை ஒரு சீ.ஆர். கொப்பியில் மை கரைய எழுதி வைத்திருப்பார். வித்தியானந்தன் தேடி 1962இல் 'அலங்காரரூபன்' நாடகத்தைப் பதிப்பித்ததுபோல் அச்சுக்கு வந்தவை சில. கொப்பியிலேயே கிடப்பவை பல. கொப்பியை இரவல் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அவரை வைத்துக்கொண்டே, அவர் சம்மதத்தோடு, ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடியுங்கள். 2005 முதல் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

இதை அடுத்த விடுமுறைக்கு என்று தள்ளிவைக்க வேண்டாம். மாரி வந்தால் கறையான் வரும்.